எரிமலைச் செடியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

சொம்பு கையில் இருந்ததே தவிர நாச்சிமுத்து இன்னும் ஊற்றவில்லை. ஊற்றவும் போவதில்லை, சும்மா வைத்திருக்கிறேன், குடிக்கத்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு மனுஷனுக்குத் தாகம் எடுக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சமையலறைப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். தாகம் எடுத்தவர் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுக்க வேண்டியதுதானே, அதுதான் இல்லை. படிக்கு எதிரே, சௌசௌ என்பார்களே, அந்த மேரக்காய்ப் பந்தலைத் தாண்டி, உடைந்த செங்கல்லும் ஜல்லியுமாகக் குவித்த மேட்டின்மேல் அந்தச் செடி இலைகளையெல்லாம் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. காலையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததா? பல் விளக்கிக்கொண்டே பார்த்தது, வாயில் நுரையோடு பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா, அப்போதே கொஞ்சம் சோர்வாக இருந்ததோ என்னவோ, கண்ணாடி வேறு போட்டிருக்கவில்லை. பங்குனி வெயில் மலையில் காய்கிறது என்றால் சும்மாவா, குளிர் ஊர் குளிர் ஊர் என்று கீழே இருக்கிறவர்கள் பஸ் ஏறி வருகிறார்கள், உச்சி வேளையில் இங்கே மண்டை பிளப்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது. நிழலில் இருக்கிற தனக்கே மண்டை பிளக்கிறது என்றால் அதற்கு? அதற்கு மண்டை இல்லை, இலைதான் இருக்கிறது. சாம்பல் பூத்த பச்சையில் நீள நீள இலை, மேலெல்லாம் பொடி ரோமம், தொட்டால் சவரம் செய்யாத தன் தாடையைத் தொட்டது போலவே சுரசுரப்பு. நடுவில் முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக மொட்டுக் கதிர் ஒன்று. அது மட்டும் நிமிர்ந்துதான் நின்றது. நின்றதா, லேசாகச் சாய்ந்திருந்ததா? நாச்சிமுத்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தால் எல்லாமே சாய்ந்துதான் தெரியும் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

வசந்தாமணி இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அவள்தான் இல்லையே, மகள் சுகந்திக்குப் பிரசவம் என்று திருப்பூர் போயிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். போகும்போது பஸ் ஸ்டாண்டில் அவருடைய பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பேசினாளா, கேஸை மூடச் சொன்னாளா, ஒன்றும் கிடையாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தச் செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க" என்றாள். "போ போ, நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். "நீங்க பாத்துக்க வேண்டாம். அதத்தான் சொல்றேன். பாக்காமயே இருங்க" என்றாள். பக்கத்து சீட்டுப் பெண்பிள்ளை சிரித்தது இவர் காதில் விழுந்தது. அதோடு விட்டாளா, டிரைவர் வண்டியைக் கிளப்புகிற நேரம் பார்த்து, "இதுவும் போச்சுன்னா நான் பாப்பா வீட்டுலயே இருந்துக்குவேன், சொல்லிப்போட்டேன்" என்றாளே, அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா சிரிக்காமல் சொன்னாளா என்பதுதான் இத்தனை நாளாக நாச்சிமுத்துவின் உயிரை வாங்குகிறது. பார்ப்பதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டாள். குரலை வைத்துச் சொல்லலாம் என்றால் இன்ஜின் உறுமல். 'பாப்பா வீட்டுலயே' என்பதில் அந்த ஏகாரத்தை இழுத்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறவர்கள்தான் இழுப்பார்கள். ஆனால் 'சொல்லிப்போட்டேன்' என்று முடித்தாள், அது அவள் நர்ஸாக இருந்த நாளின் ஆஸ்பத்திரிக் குரல், அந்தக் குரலில் அவள் விளையாடி அவர் கேட்டதே இல்லை. திருப்பூரில் பேரன் இருக்கிறான். மகள் இருக்கிறாள். மாப்பிள்ளை பல் தெரியச் சிரித்து அத்தை அத்தை என்று காபி போட்டுக் கொடுக்கிறவர். இங்கே என்ன இருக்கிறது, தான் இருக்கிறோம். தராசில் ஒரு தட்டில் அவர்களையும் ஒரு தட்டில் தன்னையும் வைத்துப் பார்த்தார், தன் தட்டு ஜிவ்வென்று மேலே போனது. இந்தச் செடியையும் தன்னோடு சேர்த்து வைத்தால்தான் ஏதோ கொஞ்சம் இறங்கும்போல் இருந்தது.

செடிக்குப் பெயர் எக்கியம். வசந்தாமணி ஊசி மருந்தின் பெயரைச் சொல்வதுபோல் பிசகில்லாமல் சொல்வாள். அவருக்கு அது வாயில் நிற்கவில்லை, எரிமலைச் செடி என்றே சொல்லிப் பழகிவிட்டார். அவள் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இக்னேஷியா என்று ஒரு கன்னியாஸ்திரி, சபைக் கூட்டத்துக்குப் போர்ச்சுகல் போனவர், அங்கிருந்து மதெய்ரா என்கிற தீவுக்கும் போய்விட்டு வந்து, எல்லோருக்கும் ஜெபமாலை கொடுத்தார், வசந்தாமணிக்கு மட்டும் ஒரு மாத்திரைக் கவரில் விதை கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட கவர். உள்ளே இருந்ததை மிளகுத்தூள் என்று நினைத்து நாச்சிமுத்து ஆம்லெட்டில் போடப் பார்த்தது தனிக்கதை. தீவு கடலுக்கடியில் எரிமலை கக்கியதில் உண்டானதாம். அங்கே மண் கிடையாது, கருகிய கல்தான், அந்தக் கல்லிடுக்கில் வேரை விட்டுக்கொண்டு இந்தச் செடி ஆள் உயரத்துக்கு நின்று நீலமாகக் கதிர் கதிராகப் பூக்குமாம், தேனீ மொய்த்துப் பூவே தெரியாதாம். அங்கே யார் ஊற்றுகிறார்கள் தண்ணீர்? யாரும் இல்லை. பஞ்சாயத்து இல்லை, தொட்டி இல்லை, முறை இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் வால்வு திறந்துவிட ஆள் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படி ஒரு ஊரில் தான் பிறந்திருந்தால் என்ன வேலைக்குப் போயிருப்போம் என்று நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை, கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. வசந்தாமணி மட்டும் அந்த ஊரில் பிறந்தவள் மாதிரி, கட்டிடம் இடிக்கிற இடத்தில் போய் உடைந்த செங்கல், ஜல்லி, அடுப்புக்கரி என்று சாக்கில் அள்ளி வந்து மேடு கட்டினாள். "இது செடிக்கா, ரோடு போடறதுக்கா?" என்று கேட்டார். "உங்க மண்ணுல நட்டா அதுக்கு மூச்சு முட்டிரும்" என்றாள். உங்க மண்ணு! ஊருக்கே பொதுவான மண்ணை இவர் தலையில் கட்டிவிட்டாள்.

தொங்குகிறதே, அதைச் சொல்ல வந்தது. தாகத்தில் தொங்குகிறது என்றால் ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் செத்துப்போகும். வேர் அழுகியும் இலை தொங்குமாம், அப்போது ஊற்றினால் செத்துப்போகும். இரண்டு தொங்கலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்று சொன்னவளும் வசந்தாமணிதான், எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டபோது, "உங்களுக்கு எதுக்கு அது?" என்று சொன்னவளும் அவளேதான். அழுகுவதற்கு யார் ஊற்றினார்கள், நான் ஊற்றவே இல்லையே என்று நாச்சிமுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். தொட்ட கை ஈரமாக இருந்தது, சொம்பு அலம்பியிருக்கிறது. போன வருஷம் ஊற்றியது வேறு செடி. ஒரு கல்யாணத்துக்கு என்று அவள் காரமடை போயிருந்தாள், இவர் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று அக்கறையாக ஊற்றினார், செடி தலை தொங்கியது, ஐயோ பாவம் போதவில்லை போல என்று வாளியாக்கினார், இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினார். திரும்பி வந்தவள் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். ஊறவைத்து மறந்துபோன புளி மாதிரி கறுப்பாக, கொழகொழவென்று. மோந்து பார்த்தாள். "மூழ்கடிச்சுப்போட்டீங்க" என்றாள், அந்த ஒரு வார்த்தைதான், அதற்குப் பிறகு ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டுதான் பேசியது, டங்கென்று மேஜையில் வைக்கிற சத்தத்தில். அப்புறம் ஒருநாள் குளியலறைக்குப் பின்னாலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாளே, அதுதான் இது, அதே கவர் விதையில் முளைத்த கூடப்பிறந்தது. ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் மறைத்து வளர்த்திருக்கிறாள்! அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல, அதைக் காட்டுவதற்குத்தான் அவருக்கு முகமில்லை. கவரில் விதை தீர்ந்துவிட்டது. சிஸ்டர் இக்னேஷியா மங்களூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். இது போனால் போனதுதான்.

போன் போட்டுக் கேட்டுவிட்டால் என்ன? சட்டைப் பையில்தான் கிடக்கிறது பொத்தான் போன். ஆனால் இந்த நேரத்தில் குழந்தையைத் தூங்கப் பண்ணியிருப்பாள், மணி அடித்தால் அது வீல் என்று கத்தும், அந்தப் பழியும் தன்மேல் விழும். தூங்காமல் இருந்தாலும் எடுத்தவுடன் என்ன கேட்பாள், ஊத்திட்டீங்களா என்றுதான் கேட்பாள். இல்லை என்று சொன்னால் நம்புவாளா? நாச்சிமுத்து நினைப்பிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார், "ஊத்தல வசந்தா." தன் காதுக்கே ஊற்றியவன் சொல்வதுபோல் இருந்தது. கையில் சொம்போடு உட்கார்ந்துகொண்டு சொன்னால் குரல் அப்படித்தான் வரும். அவள் யார், ஆபரேஷன் வார்டிலேயே காலம் தள்ளினவள். மறுநாள் காலை ஆபரேஷன் என்றால் நோயாளிக்குப் பச்சைத்தண்ணீர் பல்லில் படக் கூடாது, அவள் சட்டம் அது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா, வயிறு காயுதே, நாக்கு வறளுதே என்று முந்தானைக்குள் பிளாஸ்கை மறைத்துக்கொண்டு ஒரு பெரியம்மா வரும், ஒரே ஒரு முழுங்கு சிஸ்டர், ஒரே ஒரு முழுங்கு என்று ஒரு சித்தப்பா கெஞ்சுவார். வசந்தாமணி நோயாளியின் உதட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பாள், ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வாள், பெரியம்மா மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்து சொல்வாள், "ஊத்தறது சுலபமுங்க. ஊத்தாம இருக்கறதுக்குத்தான் மனசு வேணும்." அவருக்கு அப்போதெல்லாம் அந்தப் பெரியம்மாவின் மேல்தான் இரக்கம் வரும், வெளியே சொல்ல மாட்டார்.

ஏனென்றால் அவர் யார்? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தண்ணி திறக்கிற நாச்சிமுத்து. டி வடிவில் ஆள் உயரச் சாவி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய் மூடியைத் தூக்கி வால்வைத் திருகுவதுதான் ரிட்டயர் ஆகும் வரை அவர் செய்த வேலை. திறந்ததை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை, மூடியதைத்தான் வைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கண்ணா. இந்த ஒரு குடம் மட்டும். எங்க வரிசை வரும்போதுதான் உங்களுக்குச் சாவி சுத்துமா. மேல் தெரு மேட்டுக்காரர்கள் தண்ணீர் ஏறவில்லை என்பார்கள், கீழ்த் தெருவில் வழிந்து ஓடுகிறது என்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்கு ஒரே ஆள் இவர். ஒரு தீபாவளி அன்று தலை தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருத்தன், தலையில் எண்ணெயும் சீயக்காயும் கண்ணை மறைக்க, துண்டோடு ரோட்டுக்கே வந்துவிட்டான். "நீங்க மனுஷனா?" என்று கேட்டான். கண்ணைத் திறக்க முடியாததால் லைட் கம்பத்தைப் பார்த்துக் கேட்டான். நாச்சிமுத்து மறுபடி திறந்துவிட்டார், அந்த ஒரு தெருவுக்குத் திறந்ததில் அடுத்த தெருவுக்குக் குறைந்து அங்கே ஒரு ரகளை. ஆக, திறந்தாலும் பாவம், மூடினாலும் பாவம், ஆனால் மூடிய பாவம்தான் ராத்திரி தூக்கத்தில் குடத்தோடு வந்து நிற்கும். இப்போது இந்தச் செடி நிற்கிற நிலையைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. வரிசையில் கடைசியில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல், போடத் தெரியாமல், இவர் முகத்தையே பார்க்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், அந்தப் பார்வையைத்தான் சமாளிக்க முடியாது. நாச்சிமுத்து கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து மேரக்காய்ப் பந்தலைப் பார்த்தார். காது மட்டும் செடிப் பக்கமே இருந்தது.

"அண்ணா, சாப்டாச்சா?" பக்கத்து வீட்டு எஸ்தர், துணி காயப்போட வந்தவள், சுவருக்கு மேல் தலை தெரிந்தது. சத்துணவு அமைப்பாளர், யார் வாடினாலும் பொறுக்கமாட்டாள். "ஆச்சு அம்மிணி" என்றார். அவள் கண் நேராக மேட்டுக்குப் போனது. "ஐயோ, என்னண்ணா அது இப்படி வாடிக் கெடக்கு! ஒரு சொம்பு ஊத்துறதுதானே?" "அதுக்கு ஊத்தப்படாது." "செடிக்கா?" "அந்தச் செடிக்கு." எஸ்தர் அவர் கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி சொம்பைப் பார்த்தாள். "இது குடிக்க" என்றார் நாச்சிமுத்து. குடித்துக் காட்ட வேண்டிய நிலைமை வந்துவிட்டது, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார், அவசரத்தில் பாதி மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி முடிக்கிற வரைக்கும் எஸ்தர் காத்திருந்தாள். "வசந்தாக்கா எதாச்சும் கோவத்துல சொல்லியிருப்பாங்க அண்ணா. அதுக்காக வாயில்லாத ஜீவனைக் காயப் போடலாமா? அரிசி கழுவின தண்ணி வெச்சிருக்கேன், குளுமை, தரட்டுமா? அதைத் தண்ணின்னே சொல்ல முடியாது." இவர் மனசு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைப்பானேன். தண்ணி ஊத்தாதீங்க என்றுதான் சொன்னாள், அரிசி கழுவிய தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லையே. அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பெரியம்மா ஞாபகத்துக்கு வந்தாள், பிளாஸ்கில் இருந்தது தண்ணி இல்லை சிஸ்டர், ஹார்லிக்ஸ்தான் என்று அவளும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். "வேண்டாம் அம்மிணி" என்றார். எஸ்தர் உச்சுக் கொட்டினாள். அந்த உச்சு செடிக்கா தனக்கா என்று தெரியவில்லை, துணியை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் விரலை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எழுந்து மேட்டருகில் போனார், குந்தினார், முழங்கால் மடக்கென்றது. ஆள்காட்டி விரலை ஜல்லிக்குள் நுழைத்தார், நகக்கண்ணில் கல் குத்தியது, மேலே சுடச்சுடக் காய்ந்து கிடந்தது, இன்னும் அழுத்தினார், விரல் முழுசும் போனபோது உள்ளே குளுகுளுவென்று ஏதோ பட்ட மாதிரி இருந்தது. ஈரமா? குளிர்ச்சியா? கல் நிழலில் இருந்தாலும் குளிரும், அதற்கு ஈரம் என்று பெயரா? விரலை வெளியே எடுத்துப் பார்த்தார், கரி அப்பியிருந்தது. மோந்து பார்த்தார், அவளும் மோந்துதானே பார்த்தாள். இவருக்குத் தன் மத்தியானக் குழம்பு வாசனைதான் வந்தது. உள்ளே ஈரம் இருக்கிறதென்றால் அது நான் ஊற்றியது இல்லை, பனி, மார்கழிப் பனி, தைப் பனி, அது என் கணக்கில் வராது. ஈரம் இல்லை என்றால் இந்தச் செடி இன்றைக்குச் சாயங்காலம் தாண்டாது, ஞாயிற்றுக்கிழமை அவள் பையோடு வந்து வாசலில் நின்று, வாடிக் காய்ந்த குச்சியைப் பார்த்துவிட்டு, பையைக் கீழேயே வைக்காமல் திரும்பி... அடுத்த பஸ் எப்போது? அதுகூட அவருக்கு மனதில் ஓடியது, ஒன்றே காலுக்கு விட்டால் நாலு மணிக்கு. நாலு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாளே, மோர் வாங்கிக் கொடுக்கப் போனால் வாங்குவாளா? இந்த வீட்டில் அவள் இல்லாமல் சமையலறை எப்படி இருக்கிறது என்று இந்த நாட்களில் பார்த்தாயிற்று, ரசத்துக்கு உப்புப் பார்க்க ஆள் இல்லை, தும்மினால் ஏன் தும்மினீர்கள் என்று கேட்க ஆள் இல்லை. அவள் இல்லாமல் என்னால் முடியாது, அவ்வளவுதான், இதில் என்ன வெட்கம். கால் சுற்று, ஒரே ஒரு கால் சுற்று திறந்துவிடலாம், தெருவில் எத்தனை முறை செய்திருக்கிறார், முழுசாகத் திறக்காமல், லைன் காயாமல் இருக்க ஒரு நூல் போல. எழுந்து நின்றார். சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.

வெயில் போய்விட்டது. யாரோ விளக்கை அணைத்ததுபோல் முற்றம் கறுத்தது, நிமிர்ந்து பார்த்தால் மேற்கு மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் சாவகாசமாக வந்து சூரியன்மேல் உட்கார்ந்திருந்தது. சொம்பைச் சாய்த்தபடியே நாச்சிமுத்து நின்றார். ஊற்றவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை, கை வலிக்க ஆரம்பித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். முதலில் அடி இலை ஒன்று. அசைந்ததா, காற்றா? காற்று இல்லை. கொஞ்சம் கழித்து அதற்கு மேல் இலை. நாச்சிமுத்து மறுகையால் கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். சந்தேகமே இல்லை, தூங்கி எழுகிற ஆள் முழங்கையை ஊன்றுவதுபோல் ஒவ்வோர் இலையாக மேலே வந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டு ஊற்றாமல், ஒருத்தரும் ஒன்றும் செய்யாமல். வேர் அழுகியிருந்தால் நிழல் வந்ததும் எழுமா? எழாது. தாகத்தில் சாகிறதாக இருந்தால் எழுமா? எழாது. வெயிலுக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்திருக்கிறது ராஸ்கல்! தான் படி மேல் உட்கார்ந்து செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது அது மத்தியானத் தூக்கம் போட்டிருக்கிறது! நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தார். சொம்புத் தண்ணீரை அப்படியே மேரக்காய்க் கொடி வேரில் கவிழ்த்தார், அதற்கு எவ்வளவு ஊற்றினாலும் தகும். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது, எஸ்தரைக் கூப்பிடலாமா என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். அப்போது அவர் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்தது காதில். அடுத்தது, கண்ணெதிரே, செடியின் இலைமேல் பட்டென்று. கோடை மழை! நேரம் பார்த்து வந்திருக்கிறது பார், வந்த மேகத்தை இவ்வளவு நேரம் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த மேகம்தான். மொட்டு விரிகிற நேரத்தில் மேலே தண்ணீர் படக் கூடாது, பட்டால் கதிர் கறுத்துக் கொட்டிவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மழைக்காலத்துக்குப் போட்ட தகரக் கூரையைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றியாயிற்று, இறக்க இரண்டு ஆள் வேண்டும். நாச்சிமுத்து உள்ளே ஓடினார், ஓடினார் என்று சொல்கிற மாதிரிதான் அவருக்கும் இருந்தது, குடையை எடுத்துக்கொண்டு வந்து செடிக்குமேல் விரித்துப் பிடித்தார். மழை வலுத்தது. குடை செடிக்குச் சரியாக இருந்தது, இவருக்கு இல்லை. "அண்ணா!" என்று கூவியபடி எஸ்தர் துணியை எடுக்க ஓடி வந்தாள், பார்த்தாள், துணியை மறந்து நின்றாள். "கொஞ்சம் முன்னால காயப் போட்டீங்க, இப்ப குடை புடிக்கிறீங்க, அதுகிட்ட உங்களுக்கு என்னதான் அண்ணா பிரச்சினை?" என்றாள். பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"ஏனுங், மேல மழைன்னு டிவில சொல்றானே?" வசந்தாமணிதான்.

"ஆமா, பேயுது."

"அதென்ன சத்தம், படபடன்னு?"

"குடை."

"வெளியிலயா நிக்கறீங்க? எங்க?"

"செடிகிட்ட." கேட்கப் போகிறாள் என்று தெரிந்து இவரே முந்திக்கொண்டார். "ஊத்தல வசந்தா. ஒரு சொட்டு ஊத்தல."

"நான் கேக்கவே இல்லயே" என்றாள். பிறகு, "ஒரு மழைக்கு ஒண்ணும் ஆயிராது. ஜல்லில வடிஞ்சிரும். நீங்க உள்ள போங்க."

"நீதான சொன்ன, மொட்டு விரியறப்ப தண்ணி படப்படாதுன்னு."

"சொன்னேன். அதுக்காவ? நனைஞ்சு சளி புடிச்சா யாரு பாக்கறது? செடி போனா போயிட்டுப் போகுது, உள்ள போங்க."

"முடியாது" என்றார் நாச்சிமுத்து. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "இதுவும் போச்சுன்னா நீ வரமாட்ட."

திருப்பூரில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ சமாதானம் பண்ணினார்கள். கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது, அப்புறம் அவள் குரல் கிட்டத்தில் வந்தது.

"அதைப் போய் நெசம்னா நெனச்சுட்டு இருந்தீங்க? இத்தன நாளும்?"

மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்ததில் செடி இருக்கிற இடமே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பி வர்றேன்" என்றாள்.

"ஞாயித்துக்கெழமைதான? கொழந்தைய யாரு பாக்கறது?"

"சம்பந்தியம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க."

"செடியப் பாக்கவா வர்ற?"

"பின்ன, உங்களப் பாக்கவா?" என்றாள் வசந்தாமணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காத்து எந்தப் பக்கம்?"

"மேக்க இருந்து."

"அப்ப குடைய மேக்காலச் சாச்சுப் புடிங்க. இலை நனைஞ்சாப் பரவால்ல, கதிரைப் பாத்துக்கங்க. பாத்துக்குவீங்கதான?"

"பாத்துக்கறேன்" என்று சொல்லி நாச்சிமுத்து குடையை மேற்காகச் சாய்த்தார். குடைமேல் இருந்த தண்ணீர் அத்தனையும் அவர் முதுகில் இறங்கியது.